அச்சில் எழும் ஆட்டுக்குட்டி

கொழும்பிலே செம்மையாக வெந்துவரும் கேக், அதே அளவில் மாவும் சீனியும் முட்டையும் சேர்த்து நுவரெலியாவில் சுட்டால் நடுவே குழிந்துவிடுவதுண்டு. குற்றம் சமைப்பவருடையதன்று, மலையினுடையது. கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,870 மீற்றர் மேலே காற்றின் அழுத்தம் குறைவு. நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். மாக்குழம்பினுள் எழும் வாயு அளவுக்கு மிஞ்சி விரிய, கேக் இறுகுமுன்னரே உயர்ந்து, பின் தளர்ந்து அமரும். அட்டனில் இத்தொல்லை சற்றுக் குறைவு.

தட்டில் சுடும் கேக்கிற்கு இது சிறு குறையே. விலங்கு வடிவான அச்சில் சுடுவதற்கோ பெருங்கேடு. கழுத்துத் தளர்ந்தால் ஆட்டுக்குட்டிக்குத் தலை நில்லாது.

இவ்வகைக் கேக்கிற்குப் பேர்போன இடம் பிரான்சின் அல்சாஸ் பகுதி. உயிர்த்த ஞாயிறன்று காலையில் அங்கே ஆட்டுக்குட்டிக் கேக் உண்பது மரபு. தவக்காலத்தில் விலக்கப்பட்டுச் சேர்ந்துபோன முட்டைகளுக்கு அது நல்ல வழியாயிற்று. சூப்லெனைம் என்னும் ஊரின் குயவர் அதற்கென மண்ணச்சுச் செய்கின்றனர். இரு பாதிகளைக் கவ்வியால் இணைத்து, தலைகீழாக நிறுத்தி, அடிப்புறத் திறப்பின் வழியே குழம்பை வார்ப்பர்.

மலைநாட்டில் இதனைச் சுடுவோர் பேக்கிங் பவுடரையும் சீனியையும் சிறிது குறைத்து, ஒரு கரண்டி பால் கூட்டிக்கொள்ளுதல் நன்று. போறணையின் சூடும் சற்று மிகவேண்டும். அச்சில் பாதிக்குச் சிறிது மேல் வார்த்தாற் போதும். காது, மூக்கு ஆகிய மடிப்புகளில் பட்டர் பூசி மாத் தூவ மறத்தலாகாது.

போறணைக்கு எங்கே போவது என்று லயத்து இல்லத்தரசி கேட்பாள். நியாயமான கேள்வி. துரைமார் பங்களாக்களின் குசினியில் கேக் சுடக் கற்ற தோட்டத் தமிழர், மாலையில் திரும்பிய லயத்து அறையில் விறகடுப்பு ஒன்றே இருந்தது. கோதுமை மா அங்கே ரொட்டியாகவே வெந்தது. தம் கைத்திறனைத் தம் பிள்ளைகள் சுவைக்க வகையில்லை. ஆயினும் விறகடுப்பையே போறணையாக்கலாம். தடித்த பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, அச்சை அதில் நிறுத்தி, மூடியின்மேல் தணல் இடவேண்டும். பெரிய கேக் இதில் வெளியே கருகி உள்ளே வேகாது நிற்கும். சிறிய அச்சிலோ நடுவரை சூடு விரைவில் எட்டும். செலவும் சிறிது: ஒரு முட்டையில் இரண்டு குட்டிகள்.

வெந்ததும் கால்மணி நேரம் ஆறவிட்டே அச்சைத் திறக்கவேண்டும். காது ஒடிந்தால் நீரிற் குழைத்த சீனிப்பொடியால் ஒட்டிவிடலாம். பிள்ளைகள் முதலிற் கடிப்பதும் அதைத்தான்.