பெயர் வைக்காத பிள்ளை

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் கேட்டார்: "நீலகிரிப் புல்வெளியில புதுசா ஒரு கோரை கிடைச்சா என்ன? புல்லுதானே, பேரு எதுக்கு?"

ஐயா, கோரை புல்லே இல்லை! தண்டை விரலில் உருட்டிப் பாருங்க. புல் உருளும்; பெரும்பாலான கோரைகள் முக்கோணமாய் முனை தட்டும். பத்தமடைப் பாயில் படுத்தவர் கேட்கிற கேள்வியா இது?

கடுகளவு காயை உருப்பெருக்கியில் அளந்து, "இது வேறு இனம்" என்று எழுதணும். 2012 முதல் லத்தீன்தான் வேணும்னு இல்லை, ஆங்கிலமும் போதும். மாதிரிச் செடியை உலர்த்திக் காப்பகத்தில் வைக்கணும். அப்புறம்தான் பெயர்!

அந்தப் புல்வெளியைத் தரிசு என்று சொல்லித்தானே சீகையும் யூகலிப்டஸும் நட்டாங்க? பெயர் வைக்குமுன்னே போன கோரை எத்தனையோ! பெயரில்லாத பிள்ளைக்கு ரேஷன் கார்டில் இடமில்லை. பெயரில்லாத செடிக்குப் பாதுகாப்புப் பட்டியலில் இடமில்லை. பெயரே முதல் காவல்!