உழைத்த கூலியைக் கொடுத்த நூலகர்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)



நூலகர் என்போர் நூல்களைக் காப்பவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். தேடி வருவோருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பதே அவருடைய தலையாய பணி. அப்பணியைப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளாத பெருந்தகை ஒருவரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன். அவரே பாலம் கலியாணசுந்தரம் அவர்கள்.

நெல்லைச் சீமையின் மேலக்கருவேலங்குளத்தில் பிறந்தவர். 1962ஆம் ஆண்டு சீனப் போரின்போது, கல்லூரி மாணவராயிருந்த அவர், தம் கழுத்துச் சங்கிலியை முதலமைச்சர் காமராசரிடம் நாட்டின் பாதுகாப்பு நிதிக்காக ஒப்படைத்தார். இச்செய்தியை அறிந்த ஒரு பத்திரிகை ஆசிரியர், "நீயே உழைத்துச் சம்பாதித்ததைக் கொடுக்கும்போது எழுதுகிறேன்" என்னும் கருத்துப்படக் கூறி அனுப்பிவிட்டாராம். பிற்காலத்தில் பேட்டிகளில் அவரே இதனைக் கூறியுள்ளார்.

அச்சொல் அவர் உள்ளத்தில் தைத்தது. ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நூலகராகப் பணியாற்றிய காலத்தில், தம் ஊதியத்தை ஏழை மாணவர்களுக்கும் ஆதரவற்றோருக்கும் வழங்கினார். தம் உணவுக்காக உணவு விடுதியிலும் வேலை செய்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நெடுங்காலம் இதனை வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஓய்வு பெற்றபின், 'பாலம்' என்னும் அமைப்பை நிறுவினார். கொடுக்க மனமிருந்தும் யாருக்குக் கொடுப்பது என்றறியாதோர் ஒரு கரையில். தேவையிருந்தும் கேட்க வழியறியாதோர் மறு கரையில். இவ்விரு சாராரையும் இணைப்பதே அப்பெயரின் பொருள். 2023ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

சகோதரர்களே! நம் மஹல்லாவிலும் ஆசிரியர்களும், அரசு ஊழியர்களும், வெளிநாட்டில் உழைப்போரும் உள்ளனர். முதல் தேதி சம்பளம் வந்ததும், செலவு போக மிஞ்சினால் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த நூலகரோ முதலில் கொடுத்துவிட்டார். தம் வயிற்றுப்பாட்டுக்கு மறுபடியும் உழைத்தார்.

அவரளவுக்குத் துணிய நம்மில் பலரால் இயலாது. ஆயினும் அவருடைய வரிசை முறையை நாம் பின்பற்றலாம். படிப்பைத் தொடர முடியாத ஒரு பிள்ளையின் கட்டணத்தை மாதத்தின் முதல் செலவாக எழுதி வைப்போம். மற்றவை பின்னர் வரட்டும். பொன்னாடை போர்த்துவதைவிட அவருக்கு நாம் செய்யும் மேலான மரியாதை அதுவே.