மிச்சம் ஒரு சென் எங்கே?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். இன்று பெர்ரி ஏறி இந்த ஜார்ஜ் டவுனுக்கு வந்திருப்பது, நான் செய்த ஒரு தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ளத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். 10 ரிங்கிட்டை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் 3.33 என்று எழுதினார்கள். ஒருவன் மட்டும் 3⅓ என்று எழுதினான். தசமத்தில் எழுதச் சொன்னேனே என்று சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். அவன் எழுந்து நின்றான்.

“டீச்சர், மூனு பேரும் வாங்குனத திருப்பிக் கூட்டுனா ஒம்போது வெள்ளி தொண்ணூத்தொம்போது சென்தான் வருது. மிச்சம் ஒரு சென் யாருகிட்ட இருக்கு?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “உக்காருப்பா” என்றேன். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுதும் அவன் கை தூக்கவே இல்லை.

அன்பர்களே, பிறகொரு விடுமுறையில் ‘பைத்தான்’ என்னும் கணினி மொழி கற்கப் போனேன். 0.1, 0.2 இரண்டையும் கூட்டும்படி கணினிக்குச் சொன்னேன். நம் பிள்ளைகள் 0.3 என்று உடனே சொல்லிவிடுவார்கள். கணினியோ 0.30000000000000004 என்றது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணம் எளியது. கணினி இரண்டு இரண்டாகப் பிரித்துத்தான் எண்ணும். அரை, கால், அரைக்கால் என்பவை அதற்குச் சரியாக அடங்கும். ஆனால் பத்தில் ஒன்று அடங்காது. நமக்கு மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவில்லாமல் ஓடுவது போல, கணினிக்குப் பத்தில் ஒன்று முடிவில்லாமல் ஓடும். எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய துண்டுதான் அந்த ‘மிச்சம் ஒரு சென்’.

இது சின்ன விஷயமா? 25-2-1991 அன்று சவூதி அரேபியாவின் தாஹ்ரானில் ஓர் அமெரிக்க ஏவுகணைத் தடுப்புக் கருவி எதிரி ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. அது நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி வந்தது. அந்தப் பத்தில் ஒன்று வெட்டப்பட்ட எண். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் துண்டு துண்டாகச் சேர்ந்த பிழை சுமார் 0.34 விநாடி. அதற்குள் எதிரி ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். அன்று 28 வீரர்கள் மாண்டார்கள்.

சரி, வழி என்ன? அந்தப் பையன் காட்டிய வழிதான்! பைத்தானில் 2008 முதல் பின்னத்திற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அது எண்ணை வெட்டுவதில்லை. தொகுதி ஒன்று, பகுதி ஒன்று என இரண்டு முழு எண்களாகவே வைத்துக்கொள்ளும். கணக்கு முடிந்ததும் நம் வகுப்பில் செய்வது போலவே சுருக்கும். 48/320 என்று வந்தால், 320-ஐ 48-ஆல் வகுத்து மீதி 32. 48-ஐ 32-ஆல் வகுத்து மீதி 16. 32-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே மேலும் கீழும் 16-ஆல் வகுத்து 3/20 என்று நிற்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தக் கருவியிடம் 1/10 என்று கொடுத்தால் 1/10 என்றே வைத்திருக்கும். 0.1 என்று கொடுத்தாலோ, முன்பே வெட்டுப்பட்ட எண்தான் உள்ளே போகும். 3602879701896397/36028797018963968 என்று பூதம் போல் ஒரு பின்னம் வரும். கெட்ட பாலைப் புதுப் பாத்திரத்தில் ஊற்றினால் நல்ல பாலாகுமா? மேலும், கூட்டிக்கொண்டே போனால் பகுதி எண் பெருத்துக் கணினியின் வேகமும் குறையும். துல்லியத்துக்கும் ஒரு விலை உண்டு.

இப்போது நம் வீட்டுக்கே வருவோம். அந்த 3/20-க்குத் தமிழில் பெயரே உண்டு: மும்மா! மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 1/16, அதுதான் மாகாணி. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது முந்திரி, 1/320. மா என்றால் 16 முந்திரி, கால் என்றால் 80 முந்திரி. எல்லாவற்றையும் முந்திரியாக்கிவிட்டால் முழு எண் கணக்குதான். ஒரு துளியும் சிந்தாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்றும், அதற்கும் கீழே கீழ்முந்திரி என்றும் அளந்து எழுதியிருக்கிறார்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர்கள் இதை வாயாலேயே சொல்வார்கள். இதோ, இந்தப் பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த செட்டியார்களும் அந்த மரபில் வந்தவர்கள்தாம்.

கணினிக்கு அடங்காத பத்தில் ஒன்று நம் முன்னோருக்கு அடங்கியது. அது இருமா, 32 முந்திரி. ஆனால் பெருமைக்காகப் பொய் சொல்லக் கூடாது. மூன்றில் ஒன்று முந்திரியிலும் அடங்காது. 106 முந்திரி போக மிச்சம் நிற்கும். கீழ்முந்திரிக்குப் போனாலும் நிற்கும். அதற்கு மூன்றில் ஒன்று என்றே எழுதி வைப்பதுதான் நேர்மை.

அப்படியானால் முழுமையாக்கவே கூடாதா? ஆக்கலாம். 1-4-2008 முதல் நம் நாட்டுக் கடைகளில் ரொக்கமாகக் கட்டும்போது, மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறோம். கவனியுங்கள்: ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல, மொத்தத்துக்கு, கடைசியில், ஒரே தடவை, எல்லாருக்கும் தெரிந்த விதிப்படி. வெட்ட வேண்டிய இடம் அதுதான். நடுவழியில் தெரியாமல் வெட்டுவதுதான் ஆபத்து.

ஆசிரிய நண்பர்களே, நாமும் நடுவழியில் வெட்டுகிறோம். விடைத்தாளில் இல்லாத விடை ஒன்றைப் பிள்ளை சொன்னால், ‘உக்காருப்பா’ என்று சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பையனைத் தேடிப் போனேன். ஆறாம் ஆண்டில் இருந்தான். “உன் விடைதான்ப்பா சரி, டீச்சர்தான் தப்பு” என்றேன். சிவப்புக் கோட்டைத் திருத்தப் பழைய நோட்டைக் கேட்டேன். “பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சு டீச்சர்” என்றான். அந்தக் கோடு அப்படியே போய்விட்டது. அதனால்தான் இந்த மேடையில் சொல்லித் திருத்திக்கொள்கிறேன்.

இன்று பரிசு வாங்கும் கண்மணிகளுக்கு என் வாழ்த்து. பரிசு வாங்காமல், ‘மிச்சம் எங்கே?’ என்று கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து. கையைக் கீழே போடாதீர்கள்.