மொஹீனின் குதிரைகள்



கொல்கத்தா நகரத்துப் பிரசிடென்சி கல்லூரியில் உடலியல் பயின்று, நக்சல் இயக்கத்தின் கொந்தளிப்பில் ஈர்க்கப்பட்டுச் சிறைவாசம் அனுபவித்து, சில காலம் ஊரை விட்டு விலகி வாழ்ந்து, எழுபதுகளின் நடுவில் கையில் கித்தாருடன் மீண்டும் இங்கே வந்து சேர்ந்த கௌதம் சட்டோபாத்யாயரைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன். அன்பர்களுக்கு அவர் மொனிதா.

பார்க் தெரு விடுதியில் மேனாட்டுப் பாட்டுகளுக்குக் கித்தார் வாசித்த கை அது. ஆயினும் தம் தாய்மொழியில், தாம் நடக்கும் வீதிகளைப் பற்றிப் பாட வேண்டுமென்ற தாபம் அவரை விடவில்லை. சகோதரர்களும் நண்பர்களுமாக எழுவர் கூடி, கவி ஜீவனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து 'மொஹீனேர் கோராகுலி', அதாவது மொஹீனின் குதிரைகள், என்று தம் குழுவுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆல்மன் சகோதரர்கள் தம் மண்ணின் புளூஸ் இசையை ராக் சங்கீதத்தோடு கலந்ததைப் போல, இவர்கள் வங்கத்துப் பாவுல் பாடகர்களின் நாட்டார் இசையைக் கித்தாரோடும் வயலினோடும் கலந்தார்கள். 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. ரவீந்திர சங்கீதத்திலும் சினிமாப் பாட்டிலும் ஊறியிருந்த நகரத்துச் செவிகள் அவற்றை ஏற்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் எழுவரும் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். கௌதம் திரைப்படத் துறைக்குச் சென்று, 'நாகமதி' என்ற படத்துக்காகச் சிறந்த வங்காளப் படத்துக்குரிய தேசிய விருதையும் பெற்றார்.

என் நெஞ்சை விட்டு அகலாதது அதன் பிறகு நடந்ததே. 1995ஆம் ஆண்டு, அப்போதெல்லாம் கொல்கத்தா மைதானத்தில் புழுதி பறக்கக் கூடிய புத்தகக் கண்காட்சியில், 'ஆபார் போச்சோர் குரி போரே', மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின், என்ற ஒலிநாடா வெளிவந்தது. புறக்கணிக்கப்பட்ட கலைஞன் ஒருவன் இருபதாண்டு கழித்துத் திரும்பும்போது, தன் குரலையும் தன் பெயரையுமே முன்னிறுத்த விழைவது மனித இயல்பு. அவரோ பெயரறியா இளைஞர்களை அழைத்து அவர்களைப் பாட வைத்து, ஒரு நூலின் பதிப்பாசிரியர் போலத் தம் குழு 'தொகுத்தளிக்கும்' வங்கப் பாடல்கள் என்று மட்டும் அட்டையில் அச்சிடச் செய்தார். அந்த ஒரு சொல்லைத் தேசிய விருதினும் மேலாகவே நான் மதிக்கிறேன். அடுத்தடுத்து மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. வங்க ராக் இசையை வளர்த்த பின்வந்த குழுக்கள் பல அவரைத் தம் முன்னோடியாகக் கொண்டாடின. 1999 ஜூனில், ஐம்பதைச் சற்றே கடந்த வயதில், மாரடைப்பால் அவர் காலமானார். உலகம் சிறுத்துக்கொண்டே போகிறதென்று கவலைப்பட்ட அவருடைய பாட்டின் மெட்டு, 2006இல் 'கேங்ஸ்டர்' என்ற ஹிந்திப் படத்தின் வழியே தேசமெங்கும் ஒலித்தபோது, அதைக் கேட்க அவர் இல்லை.

நேற்று மாலை கல்லூரிச் சதுக்கத்துக் குளக்கரையில், தந்தியொன்று அறுந்த கித்தாரை மடியில் வைத்து ஒரு மாணவன் அதே மெட்டைப் பாட, அவன் தோழி பெஞ்சின் பலகையில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். இது யார் பாட்டு என்று கேட்டேன். கல்லூரியில் எல்லோரும் பாடுவதுதான் என்று சொல்லிவிட்டு, தளர்ந்திருந்த மற்றொரு தந்தியை அவன் முறுக்கத் தொடங்கினான்.