தோட்டத்துக் கோச்சியும் கடைத்தெருச் சாமான்களும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த மேடையிலே மொழி, பண்பாடு, பிள்ளைகளின்ரை படிப்பு எண்டுதான் பேசுவினம். என்னைத் தோட்டத்திலை ஓடுற விளையாட்டுக் கோச்சியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கினம். கடந்த கோடை விடுமுறையிலே எங்கடை தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு ஸ்ரேசன் கட்டினார்கள். என்ன செலவு, சாமான் எங்கை வாங்கினது எண்டு கேட்ட பெற்றோருக்கு ஒவ்வொருத்தராய் ரெலிபோனிலை சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. ஒரேயடியாக இங்கை சொல்லிவிடுகிறேன்.

நாம் வாழும் ஜேர்மனி இந்தப் பொழுதுபோக்கின் தாய்வீடுகளில் ஒன்று. நூரென்பேர்க் நகரின் ஏர்ன்ஸ்ட் பவுல் லேமன் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் எல்.ஜி.பி. என்ற பெயரில், மழையிலும் பனியிலும் வெளியே ஓடக்கூடிய ரெயிலை அறிமுகப்படுத்தியது. அந்த நிறுவனம் 2006இல் பணமுறிவு அடைந்து, அடுத்த ஆண்டு மேர்க்லின் நிறுவனத்தின் கைக்குப் போனது. பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. அதன் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மில்லிமீற்றர். அளவு 1க்கு 22.5. இந்த 22.5 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் எல்லாம் அதுக்குள்ளைதான் இருக்கு.

புதுப் பெட்டி வாங்கப் போனால் சில நூறு யூரோ. ஃப்ளோமார்க்ட் எனப்படும் பழஞ்சாமான் சந்தையில் பாதிக்கும் குறையக் கிடைக்கும். பழைய பிளேமொபில் ரெயிலும் அதே 45 மில்லிமீற்றர் பாதையிலை ஓடும், அதையும் விடாதேயுங்கோ. மிகச் சிறிய வளைவுத் துண்டுகள் பன்னிரண்டைப் பூட்டினால் ஏறக்குறைய 1.2 மீற்றர் அகல வட்டம் வந்துவிடும். ஆகவே பெரிய தோட்டம் இல்லையே எண்டு ஆரும் சாட்டுச் சொல்ல வேண்டாம். உண்மையிலே காசைத் தின்னுறது கோச்சி அல்ல. வீடு, வாங்கு, விளக்கு, மரம், மனிசர் எண்டு சுத்திவர வைக்கிற சாமான்கள்தான். 'மாதிரி' எண்டு பெட்டியிலை எழுதிவிட்டால் ஒரு குட்டி வாங்குக்கும் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு கேட்பார்கள்.

அதனாலே பிள்ளைகளுக்கு நான் முதலிலே பசையும் கத்தரிக்கோலும் குடுக்கேல்லை. ஆளுக்கொரு அடிமட்டமும் ஒரு துண்டுக் கடதாசியும் குடுத்தேன். கடதாசியிலே அவர்களே கணக்குப் போட்டு எழுதினார்கள்: 170 சென்ரிமீற்றர் மனிசன் ஏழரை சென்ரிமீற்றர், இரண்டு மீற்றர்க் கதவு ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு, வாங்கின் உயரம் இரண்டு, சைக்கிள் சில்லு மூன்று. பிறகு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆல்டி, வூல்வொர்த், பவ்மார்க்ட் எனப்படும் கட்டடச் சாமான் கடை, வளர்ப்புப் பிராணிகளின் கடை, இவைதான் எங்கள் சந்தை. சாமான் என்ன பெயரிலை விக்குது எண்டு பார்க்கக் கூடாது. எத்தனை மில்லிமீற்றர், மழை பட்டால் என்ன ஆகும், இந்த இரண்டு கேள்விதான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தும்புத்தடியின் பிடியை அளந்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, இது 24 மில்லிமீற்றர். ஊரிலை எவ்வளவு வரும்?" பெருக்கிப் பார்த்தோம், 54 சென்ரிமீற்றர். ஊர் பார்த்திராத அந்தப் பிள்ளைக்கு அது வெறும் எண். பக்கத்திலை நின்ற அவளின்ரை அம்மம்மாவோ இரண்டு கையாலும் காற்றைக் கட்டிப்பிடித்து, "இது பனையடி மொத்தமெல்லோ!" எண்டா. அண்டைக்கே மூன்று தும்புத்தடி வாங்கினோம். நல்ல உயரமான பனையைக் கணக்குப்படி வைத்தால் 90 சென்ரிமீற்றர் வரும், கோச்சி குள்ளமாகத் தெரியும். ஆகவே அரை மீற்றரிலே வெட்டினோம். கறுப்பும் சாம்பலும் கலந்து பூசி, அரத்தாலே குறுக்கே கீறினோம். ஓலைக்கு என்ன செய்வது? சுஷிப் பெட்டிக்குள்ளே சோற்றுக்கு நடுவே செருகியிருக்கிற பச்சைப் பிளாஸ்ரிக் புல் இருக்குதே, பல்லுப் பல்லாய் வெட்டினது, அதை விசிறி மாதிரி மடித்துக் கம்பியிலை கட்டினால் அசல் பனையோலை. அடியிலே தொங்குகிற காவோலைக்குப் பூக்கடையில் மலர்க்கொத்துக் கட்டுகிற மண்ணிற நார். தடி இல்லாமல் ஓலையை மட்டும் மண்ணிலே குத்தினால் வடலி. எங்கடை தோட்டத்திலை இப்ப வடலிதான் கூட, செலவும் குறைவு பாருங்கோ.

உயிர்ச் செடியும் வேணும். ஊர்ந்து படரும் தைம் செடி புல்தரைக்கு நல்லது. ஹவுஸ்வூர்ட்ஸ் எனப்படும் சிறு கள்ளி போன்ற செடி பனியையும் தாங்கும், தூரத்திலை பார்த்தால் கற்றாழைதான். வேலிக்கு முந்தி எல்லாரும் புக்ஸ்பவும் வைத்தார்கள். 2007 அளவில் இந்நாட்டுக்குள்ளே வந்த ஒரு புழு அதை மொட்டையடித்துக்கொண்டு திரிகிறது, ஆகவே வேண்டாம்.

இனித் தகரம். சைக்கிள் கொட்டகைக்கு மேலே அலைத்தகரம் போட வேணும். மட்டையிலே செய்தால் முதல் மழையோடை கூழ். அலுமினியம் வேணும். பற்பசைக் குழாய் இப்ப பெரும்பாலும் பிளாஸ்ரிக். ஆனால் தக்காளிப் பசைக் குழாய் இன்றைக்கும் அலுமினியத்தில் வருகிறது. கறி வைச்சு முடிந்த குழாயின் இரண்டு முனையையும் வெட்டி, நீளமாய்ப் பிளந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலாலே உருட்டினால் தட்டையான தகடு. ஊர்த் தகரத்திலே ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் மூன்று அங்குலம். 22.5ஆல் பிரித்தால் 3.4 மில்லிமீற்றர். ஷாஷ்லிக் இறைச்சி குத்துகிற மூங்கில் குச்சி 3 மில்லிமீற்றர்! குச்சிகளை ஒரு பலகையிலே நெருக்கமாய் ஒட்டி, மேலே தகட்டை வைத்து, பள்ளங்களிலே பின்னல் ஊசியாலே அழுத்தி இழுங்கோ. தகரம் தயார். சாம்பல் நிறம் பூசி, ஓரத்திலே கொஞ்சம் துருநிறம் தொட்டுவிட்டால் ஊருக்குக் கொண்டுபோய் விற்கலாம்.

ஸ்ரேசன் கூரைக்கு ஓடு. முன்பெல்லாம் குளிர்பானம் குடிக்கிற பிளாஸ்ரிக் குழலைப் பிளந்து பீலி ஓடு செய்வார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது, கடதாசிக் குழல் ஒரு மழைக்குத்தான். மக்கரோனியும் அளவுக்குச் சரி, ஆனால் மழை பெய்தால் சமையல் ஆகிவிடும். நாங்கள் பவ்மார்க்டிலை 6 மில்லிமீற்றர் உருண்டைத் தடி வாங்கி வரிசையாய் ஒட்டினோம். இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒருக்கால் வாளாலே இலேசாய் ஒரு கீறல், மேலே செங்கல் நிறம். பிள்ளைகளுக்கு அலுப்படித்த வேலை இதுதான், ஆனால் பார்க்கிறவர்கள் முதலிலே தொட்டுப் பார்க்கிறதும் இதைத்தான்.

சுவர் நுரைப்பலகை. நிலவறைச் சுவருக்குக் குளிர்காப்பாய் ஒட்டுகிற கெட்டியான வகை, வெள்ளையாய் உதிருகிற வகை அல்ல. கத்தியாலே வெட்டி, மை முடிந்த பேனாவாலே கல் வரி கீறலாம். மேலே வெளிப்பாவனைக்கான தரையோட்டுப் பசையை மெல்லிசாய்ப் பூசினால் சாந்து பூசின சுவர். ஒரு எச்சரிக்கை: ஸ்பிரே பெயின்ற் அடிக்கக் கூடாது, நுரையைக் கரைத்துவிடும். தண்ணீரிலே கரைகிற வெளிச்சுவர்ப் பூச்சே போதும். கோப்பி கலக்குகிற மரக்குச்சி கதவுக்கும் வாங்குக்கும் வேலிக்கும் தோது. மண்ணிலே முட்டாமல் வைத்து வார்னிஷ் பூச வேணும். பசை வாங்கும்போது போத்தலிலே டி4 எண்டு இருக்கிறதா பாருங்கோ, அதுதான் வெளியிலே நிற்கிற மரப்பசை. சூட்டுப் பசையை நம்பாதேயுங்கோ. ஒரு வீட்டிலே தகப்பனார் அதனாலே ஒட்டின கூரை ஜூலை வெயிலிலே தானாய்க் கழண்டு கீழே இருந்தது. யோகட் கோப்பை தண்ணீர்த் தாங்கிக்கு வடிவான உருவம், ஆனால் வெயிலிலே நொறுங்கும். பால்மாப் பேணி நல்லது.

அடித்தளத்துக்கு நடைபாதைக் கல். 50 சென்ரிமீற்றர்க் கல் ஒன்று பதினொரு மீற்றருக்கு மேலான மேடை. 4 சென்ரிமீற்றர்த் தடிப்பு எண்டால் மேடையின் உயரம் 90 சென்ரிமீற்றர், மண்ணிலே கொஞ்சம் அமத்திச் சரிப்படுத்தலாம். கட்டடத்தைக் கல்லோடு ஒட்டாமல் சும்மா வையுங்கோ, கார்த்திகையிலே தூக்கி உள்ளே வைக்கலாம். பாதைக்குக் கூழாங்கல் வேண்டாம், உருளும். உடைத்த கூர்க்கல், 2 முதல் 5 மில்லிமீற்றர், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

மனிசருக்குப் பிளேமொபில். உயரம் சரியாய் ஏழரை சென்ரிமீற்றர், தலைதான் பெரிசு. பெட்டிக்குள்ளே இருத்தினால் ஆருக்குத் தெரியும்? விளையாட்டுக் கார் 1க்கு 24 எண்டு அடியிலே எழுதியிருந்தால் வாங்கலாம். புரூடர் உழவு இயந்திரம் 1க்கு 16, பெரிசு. சீக்கு 1க்கு 32, சிறிசு. மாடு வாங்கும்போது கன்றுக்குட்டியை வாங்குங்கோ. இந்நாட்டுக் கன்று எங்கடை ஊர்ப் பசுவின் உயரத்துக்கு வரும்.

மின்சாரம் பற்றி ஒரு சொல். பாதையிலே ஓடுவது 24 வோல்ற்றுக்கு மேற்படாத மின்சாரம், தொட்டாலும் பயமில்லை. ஆனால் 230 வோல்ற்றை அதற்கு மாற்றுகிற பெட்டி ஒருநாளும் மழையிலே நிற்கக் கூடாது. விளக்குக்குச் சூரிய ஒளியிலே எரிகிற தோட்ட விளக்கே போதும். கிளைன்கார்ட்டன் எனப்படும் குத்தகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் முதலிலே தோட்டச் சங்கத்திடம் கேளுங்கோ. நிலத்திலே மூன்றில் ஒரு பங்காவது காய்கனிக்குப் போக வேண்டும் என்று 2004இல் இந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாதையை வெங்காயப் பாத்தியைச் சுத்திப் போட்டால் ஒருவருக்கும் கோபம் வராது.

எந்த ஸ்ரேசன் கட்டுவது எண்டு பிள்ளைகள் கேட்டபோது, பெரியவர்கள் பலர் ஏறியிறங்கினது எண்டபடியால் கொடிகாமம் எண்டு முடிவாயிற்று. வடக்குப் பாதை 1905இல் கொழும்போடு முழுதாய் இணைந்தது. யாழ்தேவி 1956இலே ஓடத் தொடங்கியது. 1990இலே யாழ்ப்பாணத்துக்கான ஓட்டம் நின்றது. அதன் பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாய்ப் போனதை இங்கே இருப்பவர்களில் பலர் கண்ணாலே கண்டிருக்கிறீர்கள். 2014 ஒக்ரோபரிலே கோச்சி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. இப்ப அந்தப் பாதையிலே போனால் புதுப் பாதை, புதுக் கட்டடங்கள். நாங்கள் கட்ட நினைத்தது பழையது.

அதுக்குத்தான் பெரிய சிக்கல். கல்யாணப் படம், பாஸ்போட் படம் எண்டு வைத்திருக்கிறோம். ஸ்ரேசனைப் படமெடுத்து வைத்தவர் ஆர்? பிள்ளைகள் கடதாசியோடை வீடு வீடாய்ப் போய்க் கேட்டார்கள். ரிக்கற் யன்னல் எவ்வளவு உயரம்? ஒரு ஐயா எழும்பி நின்று நெஞ்சிலே கையை வைத்து, "அப்ப எனக்குப் பத்து வயது, யன்னல் விளிம்பு நெத்திக்கு நேரே" எண்டார். பத்து வயதுப் பிள்ளை ஒன்றை நிறுத்தி நெத்தியை அளந்தோம். வாங்கிலே எத்தனை பேர் இருக்கலாம்? ஒருவர் ஆறு எண்டார், அவர் மனைவி நாலு எண்டா, இரண்டு பேரும் பிள்ளைகளுக்கு முன்னாலேயே கொளுவுப்பட்டார்கள். பிள்ளைகள் ஐந்து எண்டு எழுதினார்கள். அரை மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் இருந்த ஒரு அம்மா, எழும்பும்போது மட்டும், "அந்தத் தண்ணிப் பைப்பிலே என்ரை மூத்தவனுக்கு முகம் கழுவி ஏத்தி விட்டனான்" எண்டு சொல்லிப்போட்டுப் போனா. கேட்ட பையன் தன் கடதாசியிலே 'பைப்' எண்டு மட்டும் எழுதியிருந்தான். எங்கே எண்டு திரும்பக் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. இந்த அளவுகளை எல்லாம் கையிலே வைத்திருப்பவர்களில் இரண்டு பேர் இந்தப் புத்தாண்டுக்கு எங்களோடு இல்லை.

எங்கடை பாதையைப் பார்த்த ஒரு ஜேர்மன் பெரியவர் கணக்குப் பிழை எண்டு தலையை ஆட்டினார். அவர் சொன்னது சரிதான். இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர், இந்த அளவிலே 74க்கு மேலே வரவேணும், எங்களுடையது 45. அந்த அகலத்துக்குக் கடையிலே தண்டவாளமும் இல்லை, கோச்சியும் இல்லை. என்னைக் கேட்டால் பாதை ஒடுங்கினாலும் பரவாயில்லை, யன்னல் நெத்திக்கு நேரே நிற்க வேணும்.

பின்னாலே மேசையிலே தக்காளிக் குழாய்த் தகரமும் ஒரு பனையும் வைத்திருக்கிறோம், சிறுவர்கள் தொட்டுப் பார்க்கலாம். பைப்புக்குப் பால்பொயின்ற் பேனாவின் உலோக முனையும் ஆயத்தம். வைக்கிற இடம்தான் இன்னும் முடிவாகவில்லை. ரிக்கற் அறைக்குப் பளைப் பக்கமோ, சாவகச்சேரிப் பக்கமோ? தெரிந்தவர்கள் ஆரும் இருந்தால் சாப்பாட்டுக்கு முதல் என்னை வந்து பிடியுங்கோ.