காதுக்குள் இரையும் அருவி



இரவு வீட்டில் எல்லாரும் படுத்து, விளக்கை அணைத்த பிறகு சிலருக்குக் காதுக்குள் ஒரு சத்தம் தொடங்கும். சில் வண்டு கத்துவது போல, தூரத்தில் விசில் ஊதுவது போல, மாவு மில் ஓடுவது போல, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிக் கேட்டால், “எனக்கு ஒண்ணும் கேக்கலியே” என்பார். இதைத்தான் காது இரைச்சல் என்கிறோம். மருத்துவர்கள் டின்னிடஸ் என்று சொல்வார்கள்.

இந்தத் தொல்லைக்கு இடம் கொடுக்கும் வாழ்க்கைதான் நம் ஆலங்குளம் வட்டாரத்தில் பலருக்கு. கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்க்கிறவர்கள் நாள் முழுவதும் பெருஞ்சத்தத்தில் நிற்கிறார்கள். 85 டெசிபலுக்கு மேலான சத்தத்தில் தினமும் 8 மணி நேரம் இருந்தால், உள்காதில் உள்ள நுண்ணிய முடி போன்ற செல்கள் மெல்ல மெல்லச் சேதமாகும். போனால் அவை திரும்ப முளைப்பதில்லை. அந்தச் செல்களிலிருந்து வரவேண்டிய ஒலி குறையும்போது, மூளை தன் பங்குக்கு வால்யூமைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. அப்போது இல்லாத சத்தம் இருப்பதாகக் கேட்கிறது.

வீட்டிலிருந்து பீடி சுற்றும் நம் பெண்களுக்கு வேறு விதமான பாரம். மடியில் தட்டு, மனதில் கணக்கு. கடையில் எத்தனை பீடியைக் கழிவு என்று தள்ளுவார்களோ, குழுக் கடனுக்கு இந்த வாரத் தவணை கட்ட முடியுமோ, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். கவலை மட்டுமே காதில் சத்தத்தை உண்டாக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இலேசாக இருக்கும் சத்தத்தை அது பெரிதாக்கிக் காட்டும். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் கவலை கூடும், கவலை கூடினால் சத்தமும் கூடும். செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்ற வேண்டியதுதான்.

இதில் நாம் வெளியே சொல்லாத ஒரு வேதனையும் உண்டு. திவ்ய நற்கருணை வாங்கிவிட்டு மௌனமாக முழந்தாளிடும் நேரத்தில்தான் சத்தம் பலமாகக் கேட்கும். “என்னால் செபிக்க முடியவில்லையே, என் விசுவாசம் குறைந்துவிட்டதோ, யாராவது செய்வினை வைத்துவிட்டார்களோ” என்று சிலர் பயப்படுகிறார்கள். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்வதில்லை. கோவிலுக்கு வருவதையும் குறைத்துக்கொள்கிறார்கள்.

அப்படிப் பயப்படுகிறவர்களுக்கு அவிலா நகரத்துப் புனித தெரசாவைச் சொல்ல விரும்புகிறேன். 1577-ஆம் ஆண்டு, அவருக்கு 62 வயது. கார்மேல் சபையில் அவர் தொடங்கிய சீர்திருத்தத்துக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. அவர் எழுதிய தன்வரலாறோ விசாரணை மன்றத்தின் கையில் இருந்தது. அந்த நெருக்கடியில், ஆன்மாவை ஒரு கோட்டையாகப் பார்க்கும் புகழ்பெற்ற நூலை எழுத ஆரம்பித்தார். மூன்று மாதமாகத் தலையில் இரைச்சலும் பலவீனமும் இருப்பதாக நூலின் முன்னுரையிலேயே குறிப்பிடுகிறார். பிறகு ஓரிடத்தில், ஆறுகள் பாய்வது போலவும் பறவைகள் கூட்டமாகக் கத்துவது போலவும் தலைக்குள் கேட்கிறது என்கிறார். ஆனாலும் அந்தச் சத்தம் தன் செபத்தைத் தடுக்கவில்லை என்று சாட்சி சொல்கிறார். சத்தம் நிற்கட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஜூன் மாதம் தொடங்கி நவம்பரில் எழுதி முடித்தார். 1970-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. காதில் இரைச்சல் இருப்பது விசுவாசக் குறைவு என்றால், இவரை என்ன சொல்வது?

குற்றாலத்தை நினைத்துப் பாருங்கள். சீசன் நேரத்தில் அருவிக்கரைக்குப் போனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஆனால் அங்கேயே கடை வைத்திருப்பவர் நிம்மதியாக வியாபாரம் பார்க்கிறார். அருவி அவருக்காகச் சத்தத்தைக் குறைக்கவில்லை. இதனால் ஆபத்து ஒன்றுமில்லை என்று அவர் மூளை கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். காது இரைச்சலும் அப்படிப் பழகக் கூடியதுதான். “இன்றைக்குக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா” என்று நாம் உற்றுக் கேட்கக் கேட்க, மூளை அதை எதிரியாகவே வைத்திருக்கும். “நீ இருந்தால் இருந்துகொள், எனக்கு வேலை இருக்கிறது” என்று விட்டால், சிறிது சிறிதாக அது பின்னுக்குப் போகும்.

அதற்காகக் காதைக் கவனிக்காமல் விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தென்காசி அரசு மருத்துவமனையிலோ, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ காட்டலாம். வெறும் குறும்பி அடைத்திருக்கலாம், சீழ் இருக்கலாம், இரத்த அழுத்தம் இருக்கலாம், சாப்பிடும் மாத்திரையாலும் வரலாம். காது கேட்பது குறைந்திருந்தால், கருவி வைத்தாலே பலருக்கு இரைச்சல் அடங்கும். ஊக்கு, கோழி இறகு, காய்ச்சிய எண்ணெய் எதையும் காதுக்குள் விடாதீர்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள், நாள் கடத்தினால் கேட்கும் திறனை மீட்பது கடினம். ஒரு காதில் மட்டும் சத்தம், கூடவே தலைசுற்றல், நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம் இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

படுக்கும்போது முழு நிசப்தம் வேண்டாம். ஃபேன் ஓடட்டும், அல்லது வானொலி மெல்லப் பாடட்டும். குவாரிக்குப் போகிறவர்கள் காதுக்கு அடைப்பான் கேட்டு வாங்கி அணியுங்கள். மனம் தாங்க முடியாத அளவுக்குப் பாரமாகி, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

அப்படித் தோன்றுவது பாவிகளுக்கு மட்டும் வரும் சோதனை என்று எண்ணாதீர்கள். அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில், இறைவாக்கினர் எலியா ஈசபேலுக்குப் பயந்து பாலைநிலத்துக்கு ஓடி, சூரைச்செடியின் அடியில் படுத்துச் சாவைக் கேட்கிறார். ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார். வானதூதரை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டு, மறுபடி சாப்பிட வைத்தார். காற்று, நிலநடுக்கம், தீ எல்லாம் கடந்து மெல்லிய ஒலியில் அவரைச் சந்தித்தது அதற்குப் பிறகுதான். முடிவில் எலிசா என்ற துணையையும் கொடுத்தார். உணவு, உறக்கம், கூட ஒரு ஆள். ஆண்டவரின் மருந்துச் சீட்டில் முதலில் இருந்தவை இவைதாம்.

ஆகவே வீட்டில் ஒருவர், “எனக்குக் காதில் சத்தம் கேட்கிறது” என்றால், “எல்லாம் உன் நினைப்பு” என்று தள்ளாதீர்கள். அவருக்கு அது உண்மையாகவே கேட்கிறது. ஒரு வேளைச் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சுற்ற வேண்டிய இலையை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். மருத்துவரிடம் கூடப் போங்கள். எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்த வானதூதரின் வேலை அதுதான்.

சத்தத்தோடு வருகிற செபத்தையும் ஆண்டவர் கேட்கிறார். அவருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.