கடல் கடந்த கைபேசி

சென்னைக்கு மேற்கேயுள்ள முகப்பேர் என்னும் பெயர், மகப்பேறு என்பதன் திரிபே என்பர். அங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாளிடம் பிள்ளைவரம் வேண்டுவோர் பலர். அவ்வூர்ப் பிள்ளைகளோ இன்று ஒருவர் டல்லாசில், ஒருவர் சிட்னியில். பேரன் பிறந்தால் பெற்றோர் விமானம் ஏறுகின்றனர். ஊறுகாயைக் கட்டுவதில் காட்டும் அக்கறையில் காற்பங்கேனும் கைபேசியின்பால் காட்டுவதில்லை. போய் இறங்கியதும் அது ஊமையாகிவிடுகிறது. காரணம் யாது?

நேயர்களே, வானொலிப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை நிலையத்தின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ். முள்ளைச் சற்று நகர்த்தினால் இரைச்சல்தான். சிற்றலைப் பகுதியே இல்லாத பெட்டியில், குமிழை எவ்வளவு திருகினாலும் சிற்றலை நிலையம் கிட்டாது. கைபேசியும் வானொலிப் பெட்டிதான்; குமிழைத் தானே திருகிக்கொள்வதால் நாம் அதனை மறந்துவிடுகிறோம்.

1995-இல் இந்தியாவில் கைபேசி வந்தபோது 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதற்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் 1800 சேர்ந்தது. ஐரோப்பாவிலும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அவையே. அமெரிக்காவிலோ 1983 முதற்கொண்டே பழைய முறைக் கைபேசிகள் 850-இல் இயங்கிவந்தன. பின்பு 1900 வந்தது. ஆகவே துபாய்க்குச் சென்ற கொத்தனாரின் கைபேசி பேசிற்று. நியூஜெர்சிக்குச் சென்ற பொறியாளரின் கைபேசி பேசவில்லை! நான்கு வரிசைகளையும் பிடிக்கும் கருவிகள் வந்தபின் அக்குறை நீங்கியது.

இப்பொழுது வந்துள்ள சிக்கல் வேறு. நான்காம் தலைமுறைச் சேவைக்கு இங்கே 850, 900, 1800, 2300 எனச் சில வரிசைகள்; அமெரிக்காவில் 600, 700 ஆகியவையும் பெரிதும் பயன்படுகின்றன. 2300-இன் அலைநீளம் ஒரு சாணுக்கும் குறைவு. 700-க்கோ ஏறக்குறைய ஒரு முழம். நீண்ட அலை நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் எளிதில் ஊடுருவும். அதனைப் பிடிக்காத கருவி நகர நடுவில் நன்றாகப் பேசும். புறநகரில், மகன் வீட்டு நிலவறையில், வாயடைத்துப்போகும்.

பழைய தலைமுறைச் சேவைகளையும் மூடிவருகின்றனர். சிங்கப்பூரில் 2017-இல் இரண்டாம் தலைமுறை முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் மூன்றாம் தலைமுறையும் போயிற்று. ஏனைய அழைப்புகளை நான்காம் தலைமுறையில் ஏற்றும், அவசர எண்ணுக்கு மட்டும் மூன்றாம் தலைமுறையை நாடிய கருவிகளை அங்கே இணைப்பிலிருந்தே விலக்கினார்கள். நெஞ்சுவலி வந்த இரவில் எண்ணைச் சுழற்றியும் மணி அடிக்காவிட்டால் என்னாகும்? ஓய்வூதியக் கணக்கைத் திறக்க வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் இந்தக் கருவியைத்தானே தேடி வருகிறது! நம் ஊரில் இன்றும் உழைக்கும் பொத்தான் கைபேசி, சிங்கப்பூரில் வெறும் கடிகாரம்.

பயணச்சீட்டு எடுக்குமுன்பே கைபேசியின் மாதிரி எண்ணைப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். பெயர் போதாது, ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு வரிசைகளோடு விற்கிறார்கள். அவ்வூர் நிறுவனத்தின் வரிசைகளோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வெளிநாட்டுச் சேவையையும் இங்கேயே திறந்துகொள்ளுங்கள். அங்கே புதிதாய் வாங்கி நம் சிம் அட்டையை இட்டுக்கொள்ளலாம் என்பாரும் உளர். ஆனால் ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கும் அவ்வரிசைக் கருவிகளில் அட்டை நுழைக்கும் இடமே கிடையாது. அவற்றுக்கு, அட்டையில்லா மின்சிம்முக்கு ஊரிலேயே மாறிக்கொண்டு புறப்பட வேண்டும்.